பூங்குழலியைக் கரையேற்றியவர்கள்

ஆறுமுகநேரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு நூலைப் பேசுவது வழக்கம். பெரும்பாலும் பேச்சு நூலில் தொடங்கி உப்பு விலையிலோ திருச்செந்தூர் ரயிலின் தாமதத்திலோ போய் முடியும். ‘பொன்னியின் செல்வ’னை எடுத்துக்கொண்ட மாதங்களில் மட்டும் அப்படி நடக்கவில்லை. 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னம் அதை இரண்டு பாகங்களாகப் படமாக்கிய பிறகு, படம் பார்த்துவிட்டு நூலுக்கு வந்த பள்ளி மாணவிகள் சிலரும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். சச்சரவு அவர்களால் வந்ததன்று. அவர்களுக்கு எந்த நூலைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று பெரியவர்கள் முடிவுசெய்யப் புறப்பட்டதில் வந்தது.

பூங்குழலியைப் பற்றிக் கேட்ட கருத்துகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, பழைய வாசகர்களுடையது: நடுக்கடலில் தனியாகப் படகு விடுகிறாள், ஆண்களை ஏளனம் செய்கிறாள், இளவரசனையே காதலிக்கத் துணிகிறாள், இப்படியொரு பெண் நம் மண்ணில் ஏது, கல்கி ஆங்கிலக் கதைகளிலிருந்து கொண்டுவந்திருப்பார். இரண்டாவது, தீவிர இலக்கியம் மட்டுமே வாசிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நண்பர்களுடையது: இதெல்லாம் பதினைந்து வயதில் வாசித்துவிட்டு இருபதில் மறக்கவேண்டிய சங்கதி, வீராங்கனைக் கனவு வாழ்க்கையை விளங்கிக்கொள்ள உதவாது. மூன்றாவது, இளைய வாசகர்களுடையது: பூங்குழலி துணிச்சல்காரி என்கிறீர்களே, ஐந்து பாகமும் அவள் யாரையாவது காப்பாற்றிக்கொண்டோ, கிடைக்காத ஒருவனை எண்ணி ஏங்கிக்கொண்டோதானே இருக்கிறாள்?

மூன்றாவது கருத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம். முதலிரண்டோடு எங்களுக்குப் பெரும் பிணக்கு.

இது வரலாற்று நாவல் அல்லவா, இதில் கற்பனைச் சாகசம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் பூங்குழலியின் கோடிக்கரையை நினைவுகூர வேண்டுகிறோம். இரவில் சதுப்பு நிலத்தில் எரிந்தெரிந்து அணையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, இவர்கள்தாம் என் காதலர்கள் என்று வந்தியத்தேவனிடம் சொல்கிறாள் அவள். துரத்திவந்தவன் புதைசேற்றில் அமிழ்கிறான். அவளே இழுத்துக் கரைசேர்க்கிறாள். குந்தவை இருந்தாள், வானதி இருந்தாள், கல்வெட்டு உண்டு. பூங்குழலிக்கும் நந்தினிக்கும் எந்தக் கல்லிலும் ஓர் எழுத்தும் இல்லை. கல்கியின் தலைக்குள்ளிருந்து நேராக வந்தவர்கள் அவர்கள். ஆகவே அவர்களுக்கு நேர்ந்தவற்றுக்கு வரலாற்றின் மீது பழிபோட முடியாது.

இப்படியொரு பெண் நம் மண்ணில் ஏது என்பவர்களுக்கு ஒரு கேள்வி: எந்த மண்ணில் நின்றுகொண்டு இதைக் கேட்கிறீர்கள்? எங்கள் கடற்கரைக்கு எதிர்க்கரையில், மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்றோர் ஊர் இருக்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்வையிட, இலங்கையின் முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நார்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு மாளிகை கட்டினார். இன்று அது இடிபாடு. அவ்வூர் மக்கள் அதை ஆளுநர் மாளிகை என்று சொல்வதில்லை. அல்லி ராணிக் கோட்டை என்கிறார்கள். அதற்கும் தெற்கே உள்ள குதிரைமலையும் அவள் ஆண்ட இடமென்றே வழங்குகிறது. வெள்ளைக்காரன் கட்டிய கட்டடத்தையும் பிடுங்கிக் கதையில் வரும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்ட ஜனங்களிடம் போய், வீராங்கனை இறக்குமதிச் சரக்கு என்று சொல்வது எவ்வளவு பெரிய அறியாமை!

புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’ பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகிச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, தெருவே கூடிக் கேட்டது. மதுரையை ஆளும் அல்லியின் அரண்மனையில் ஆணுக்கு இடமில்லை. காவலும் படையும் பெண்களே. காவிய நாயகன் அர்ச்சுனனே அவளிடம் அகப்பட்டு அவமானப்படுகிறான். இதைக் கேட்டு வளர்ந்த பாட்டிமார்களின் பேரன்கள்தாம் இன்று பூங்குழலியின் படகைப் பார்த்து மூக்கில் விரல் வைக்கிறார்கள்.

ஆனால் அல்லியின் கதை எப்படி முடிகிறது? எங்கள் வழக்கு இங்குதான் தொடங்குகிறது. போரில் வெல்லமுடியாத அவளைக் கண்ணனின் சூழ்ச்சியோடு, பாம்புருவில் படுக்கையறைக்குள் புகுந்து, தூங்கும்போது தாலி கட்டி வெல்கிறான் அர்ச்சுனன். தூக்கத்தில் கட்டிய தாலி! விழித்திருக்கும் பெண்ணை வெல்லும் வழி அக்கதைக்குத் தெரியவில்லை. இதைத் தலைமுறை தலைமுறையாக நாடக மேடையில் பார்த்து ரசித்திருக்கிறோம் என்பதை நினைத்தால் கூசுகிறது.

திருவிளையாடற் புராணத்தின் தடாதகைப் பிராட்டி இன்னும் பெரியவள். திக்குவிசயம் செய்து கயிலை வரை படையோடு போனவள். அங்கே இறைவனைக் கண்ட கணத்தில் மூன்றாம் தனம் மறைகிறது, நாணித் தலைகுனிகிறாள். பக்தர்களுக்கு அது தத்துவம்; அதில் நாங்கள் தலையிடவில்லை. கதையின் போக்கை மட்டும் பார்க்கச் சொல்கிறோம். வென்றுகொண்டே வருபவள் ஓர் ஆணைக் கண்டதும் நின்றுவிடுகிறாள், கதையும் அவளோடு நின்றுவிடுகிறது.

கல்கி அந்தப் பழைய தடத்தில்தான் போனார். பூங்குழலியை அவர் கடலில் வைத்திருக்கும் வரை தமிழ்ப் புனைகதையில் அவளுக்கு நிகரில்லை. வந்தியத்தேவனை ஈழத்துக்கு அழைத்துச் செல்பவள் அவள். புயலில் கப்பல் இழந்து தத்தளிக்கும் அவனையும் அருள்மொழியையும் மீட்பவள் அவள். காய்ச்சலில் நினைவிழந்த இளவரசனைக் கால்வாய் வழியே நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குக் கொண்டுசேர்க்கும் படகும் அவளுடையதே. சாண்டில்யனின் நாயகிகளும் வாள் பிடித்தார்கள், மரக்கலம் ஏறினார்கள். ஆனால் ஆசிரியரின் பார்வை அவர்கள் கையிலிருந்த வாளில் நின்ற நேரம் குறைவு (எங்கே நின்றது என்பதை அவருடைய வாசகர்கள் அறிவார்கள்). கல்கி பூங்குழலியின் தோளைப் பார்த்தால் அது துடுப்பு வலிக்கும் தோள். இந்த ஒன்றுக்காகவே அவருக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

அப்படிப்பட்டவளைக் கடைசியில் என்ன செய்தார்? சேந்தன் அமுதனுக்கு மணம்செய்து வைத்தார். அமுதன் நல்லவன், அவன்மேல் எங்களுக்குக் குறையில்லை. அதோடும் நிற்காமல், அவன்தான் உண்மையான மதுராந்தகன் என்று காட்டி, உத்தம சோழனாக முடிசூட்டி, பூங்குழலியைத் தஞ்சையில் பட்டத்தரசியாக்கிவிட்டார். உத்தம சோழனின் தேவியர் பலரது பெயர்கள் செம்பியன் மாதேவி ஊரின் கல்வெட்டுகளில் இருக்கின்றன. பூங்குழலி என்றொருத்தி அங்கே இல்லை. அவளை அந்தப்புரத்தில் கொண்டுபோய் வைக்கும்படி எந்தச் சாசனமும் கல்கியை நெருக்கவில்லை. அவள் கடலிலேயே இருந்திருக்கலாம்.

வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு என்பது எங்கள் துணிபு. 1950 முதல் 1954 வரை வாரவாரம் காத்திருந்து படித்தவர்கள், கதை சட்டென்று முடிந்துவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார்கள். கல்கி அதற்கென்றே ஒரு முடிவுரை எழுதினார். யாருக்கு யாரோடு மணமாயிற்று, கொலைக்குத் தண்டனை உண்டா, பின்னாளில் யார் என்ன ஆனார்கள் என்ற வகைக் கேள்விகளுக்கு அதில் பொறுமையாக விடை சொல்கிறார். கேட்ட கேள்விக்குத்தானே விடை கிடைக்கும்? திருமணத்தைக் கேட்கும் வாசகர்களுக்கு எழுத்தாளர் திருமணத்தைத் தருகிறார்.

இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் அன்று. ‘பொன்னியின் செல்வன்’ நிறைவுற்ற அதே 1954இல்தான் டோல்கீனின் ‘லார்ட் ஆப் த ரிங்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. அதில் ஏயோவின் ஆண்வேடம் பூண்டு போர்க்களம் போகிறாள். எந்த ஆணாலும் கொல்லமுடியாதவன் என்று பெயர்பெற்ற பேயரசனைக் கொல்கிறாள். பிறகு ஃபாரமிரை மணக்கச் சம்மதித்து, இனி வாளேந்தேன், நோய் தீர்ப்பவளாக இருப்பேன் என்கிறாள். ஒன்றுக்கொன்று தொடர்பேயில்லாத இரு எழுத்தாளர்கள் ஒரே காலத்தில் இரு பெண்களைக் கரையேற்றியிருக்கிறார்கள். அர்சுலா லெ குவின் கதை வேறு. எர்த்சீ வரிசையின் முதல் மூன்று நாவல்களில் பெண்களுக்குத் தாம் கொடுத்த இடம் போதாது என்று உணர்ந்து, ஏறத்தாழ இருபதாண்டு கழித்து 1990இல் ‘டெஹானு’ எழுதி, தம் பழைய நாயகி டெனாரிடம் திரும்பி வந்தார். கல்கிக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை. நாவல் முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். கோபத்தோடு எழுதத் தொடங்கிய எங்களுக்கு இவ்விடத்தில் பேனா சற்றுத் தயங்குகிறது.

இனி, இருபது வயதில் மறக்கவேண்டிய சங்கதி என்ற நண்பர்கள். இவர்களுடைய மாற்று யோசனை ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே நேரில் பழகி எழுதிய அந்த நாவல் 1979இல் வெளிவந்தது. அதன் பொன்னாச்சியை வாசித்தவர்கள் எளிதில் மறப்பதில்லை, நாங்களும் மறக்கவில்லை. எங்கள் ஊரைச் சுற்றிலும் உப்பளங்கள். வெயில் பாத்தியிலிருந்து முகத்தில் திருப்பியடிக்கும் இடத்தில், கண் கூச, கால் வெடிக்க உப்பு சுமக்கும் பெண்களை அன்றாடம் பார்க்கிறோம். அந்த நாவல் எங்கள் மாணவிகளுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் பொன்னாச்சி இருப்பதால் பூங்குழலி வேண்டாம் என்ற வாதம் எங்களுக்கு விளங்கவில்லை. உப்பளத்தில் உழைக்கும் தாயின் மகளுக்கு உப்பளத்தைப் பற்றி நீங்கள் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறீர்கள்? அவளுக்கு அது பாடப்புத்தகமன்று, வீடு. பாத்திக்கு அப்பால் இருக்கும் கடலில் ஒருத்தி தனியே போகிறாள் என்ற செய்திதான் அவளுக்குப் புதிது. யதார்த்தவாதம் பிறர் துயரை அறியாதவர்களுக்கு அவசியமான மருந்து. துயரிலேயே வளர்பவளுக்கும் அதையே மூன்று வேளையும் புகட்டுவோம் என்பது, வாசிப்பிலும் ஏழைக்கு ரேஷன் அளந்து கொடுக்கும் மனப்பான்மை.

மேலும், விசித்திரக் கதையென்றால் இலக்கியம் அன்று என்று எந்தத் தமிழ் மரபு சொன்னது? உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த ‘மணிமேகலை’யை எடுத்துக்கொள்ளுங்கள். இளம்பெண் ஒருத்தி. ஓர் அரசகுமாரன் அவளை விடாமல் துரத்துகிறான். கடல் தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தீவில் வைக்கிறது. வான்வழி செல்லவும், வேற்றுரு எடுக்கவும், பசியைப் பொறுக்கவும் மூன்று மந்திரங்களைக் கொடுக்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் கைக்கு வருகிறது. இன்றைக்கு உலகச் சந்தையில் இளையோர் நாவல் என்று பளபளக்கும் அட்டையோடு வருபவற்றில் இருக்கும் எதுவும் இதில் குறைகிறதா? அந்தச் சக்தியைக் கொண்டு மணிமேகலை செய்வது என்ன? பசித்தவர்க்குச் சோறிடுகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள், வஞ்சி நகரில் ஆண் துறவியின் உருவெடுத்துச் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அரசகுமாரனுக்கு அவள் கடைசிவரை இணங்கவில்லை. முற்பிறவியில் கணவனாக இருந்தவன் என்று தெரிந்த பிறகும் இணங்கவில்லை. தூங்கும்போது தாலி கட்ட எவனும் வரவுமில்லை.

எங்களில் ஒருவர் இதற்கும் மறுப்புச் சொன்னார். மனைவி ஆகாவிட்டால் துறவி, இரண்டே கதவுகள்தானா என்று கேட்டார். சரியான கேள்வி. பிற பௌத்த, சமண நூல்களில் மூன்றாவது கதவைத் தேடினோம். குண்டலகேசி தன்னைக் கொல்லத் துணிந்த கணவனை மலையிலிருந்து தள்ளியவள். பிறகு வாதத்தில் வெல்பவளாக ஊரூராகச் சென்றவள். அந்தக் காப்பியத்தில் நமக்கு எஞ்சியவை 19 பாடல்களே. மிச்சத்தைக் காலம் தின்றுவிட்டது என்பார்கள். அடங்கிய பெண்களின் கதைகளைக் காலம் இவ்வளவு ஆவலாகத் தின்பதில்லை என்பதையும் குறித்துவைக்கிறோம்.

மூன்றாவது கருத்துக்காரர்களுக்கு, அதாவது பூங்குழலியிடம் குறை கண்ட இளையவர்களுக்கு, ஒரு விண்ணப்பம். குறையைச் சொல்லுங்கள், ஆனால் அவளை மதிப்பெண் போட்டுத் தள்ளிவிடாதீர்கள். அழுதாள், ஆகவே வலிமையற்றவள் என்ற கணக்கு பழைய வாசகர்களின் கணக்கைவிட மேலானதன்று. காதலில் தோற்றுக் கடலில் போய்ப் பாடும் பெண் துடுப்பைக் கீழே வைத்துவிடவில்லை. அவள் கையிலிருந்து துடுப்பு எப்போது போயிற்று என்று பாருங்கள்: அவள் தோற்றபோது போகவில்லை, பட்டத்தரசியானபோது போயிற்று.

இதை எங்களுக்குக் கற்பித்தவர் எங்களில் எவருமல்லர். ஐந்தாம் பாகம் பேசி முடித்த மாலையில், பின்வரிசையில் இருந்த பத்தாம் வகுப்பு மாணவி, “சார், கடைசியில அந்தப் படகு என்ன ஆச்சு?” என்று கேட்டாள். அரியணை யாருக்கு, கொலை செய்தது யார் என்று இரண்டு மணிநேரம் வாதாடிக்கொண்டிருந்த நாங்கள் வாயடைத்துப் போனோம். எழுபது ஆண்டு வாசகர் கருத்துகளில் இந்தக் கேள்வியை நாங்கள் கேட்டதில்லை.

சென்ற கூட்டத்தில் மேசைமேல் ‘கரிப்பு மணிகள்’, மணிமேகலைக்கு எளிய உரை, ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்கள் எல்லாவற்றையும் பரப்பிவைத்து, விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். அவள் இரண்டாம் பாகத்தை மறுபடி எடுத்துக்கொண்டு போனாள். அதன் முதல் அத்தியாயத்தின் தலைப்பு ‘பூங்குழலி’. அங்கே படகு இன்னும் கடலில்தான் இருக்கிறது.