வாடகை வீட்டிலும் வெள்ளம் புகுந்தது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, தமிழக அரசு 6,000 ரூபாய் நிவாரணத்தை டோக்கன் கொடுத்து ரேஷன் கடைகள் வழியே ரொக்கமாக வழங்கியது. அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற இடங்களில் தரைத்தளத்தில் குடியிருப்போரில் வாடகைதாரர்கள் ஏராளம். பலருடைய குடும்ப அட்டை சொந்த ஊர் முகவரியில் இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் வங்கிக் கணக்கு விவரத்தோடு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். சரி, குடியிருந்ததற்கு எதைக் காட்டுவது? வாடகை ஒப்பந்தம் பலருக்குக் கிடையாது. இருந்த காகிதமும் பீரோவின் அடித்தட்டில் ஊறிக் கூழாகிவிடும். மின் இணைப்போ வீட்டுக்காரர் பெயரில். சுவரில் இடுப்பளவுக்குப் படிந்த சேற்றுக்கோட்டை மனுவோடு இணைக்க முடியாதே!

தாழ்வான தெருக்களில் யார் குடியிருக்கிறார்கள் என்று வார்டு வாரியாக முன்கூட்டியே கணக்கெடுக்கலாம். வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாக ஆள் அனுப்பும் நிர்வாகத்துக்கு இது பெரிய வேலையா என்ன? மனு கொடுத்தவருக்கு ரசீதும், நிராகரித்தால் எழுத்தில் காரணமும் தந்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. கணக்கெடுப்பு ஆகஸ்டுக்குள் முடியட்டும்.