மடிக்கணினியில் ஓடினால் போதுமா?

2021 மே 26ஆம் தேதி நண்பகலில், அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கான முன்பதிவு இணையத்தளம் திறக்கப்பட்டது. மலேசியர்கள் பெரும் எண்ணிக்கையில் ஒரே நேரத்தில் நுழைய முயன்றனர். பலருக்குப் பக்கம் சரியாக இயங்கவில்லை. நிரலை எழுதி முடிப்பது வேறு, கூட்டம் வந்தாலும் அது தாங்கி நிற்கச் செய்வது வேறு என்பதை நாடே அன்று பார்த்தது.

இந்த இரண்டாவது வேலையை நம் மாணவர்களில் பலர் தொடுவதே இல்லை. இறுதியாண்டுத் திட்டப்பணி மடிக்கணினியில் ஓடினால் போதும் என்று நின்றுவிடுகிறோம்.

செயலியையும் அதற்குத் தேவையான நூலகங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டுவதுதான் கொள்கலன் முறை. 2013இல் வெளிவந்த டாக்கர் இதைப் பரவலாக்கியது. அந்தக் கொள்கலன்களைப் பல கணினிகளில் பரப்பி மேய்க்கும் குபர்னெட்டிஸை, கூகுள் 2014இல் திறமூல மென்பொருளாக வெளியிட்டது.

குபர்னெட்டிஸ் என்ன செய்கிறது? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். காலைப் பெரட்டில் மண்டோர் ஆள் கணக்கு எடுப்பார். ஒரு நிரைக்கு ஆள் குறைந்தால் வேறொருவரை அனுப்புவார். அதுபோல, ‘3 நகல்கள் ஓட வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தால், குபர்னெட்டிஸ் ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒன்று விழுந்தால் புதியதை எழுப்பும். புதிய பதிப்பு வந்தால் நகல்களை ஒவ்வொன்றாக மாற்றும். அதனால் சேவை நிற்காது.

ஆனால் மண்டோர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள மாட்டார். நகல்களைப் பெருக்கினாலும் தரவுத்தளம் திணறினால் செயலியும் திணறும். கொள்கலன் அழிந்தால் அதற்குள் சேமித்ததும் போய்விடும், ஆகவே தரவைத் தனியிடத்தில் வைக்க வேண்டும். கடவுச்சொல்லைப் பொட்டலத்துக்குள் கட்டவே கூடாது.

திரிங்காப்பில் காய்கறித் தோட்டக்காரர்களின் ஆர்டர்களைப் பதிவு செய்ய ஒரு செயலி எழுதினால், அதற்கு ஒரே சிறிய சர்வர் போதும். எல்லாவற்றுக்கும் பெரிய கணினித் தொகுப்பு தேவையில்லை. எங்கே தேவை, எங்கே வீண் என்று அறிவதும் கல்விதான்.

கற்பதற்குப் பெரிய செலவும் இல்லை. மினிகியூப், கே3எஸ் இரண்டும் இலவசம். நடுத்தர மடிக்கணினியிலேயே ஓடும். மலைப்பகுதியில் இணைய வேகம் குறைந்தாலும், ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் அதற்குப் பிறகு பயிற்சி வீட்டிலேயே நடக்கும். மேகச் சேவையை வாடகைக்கு எடுப்பவர்கள் செலவு எச்சரிக்கையை முதலில் அமைக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் தொகுப்பை அழித்துவிட வேண்டும். மறந்தால் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

அமேசான் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் மேகச் சேவை மையங்களைத் திறந்துவிட்டது. அந்தக் கட்டடங்களுக்குக் காவலாளிகளை மட்டும் அனுப்பும் சமூகமாக நாம் இருந்துவிடக் கூடாது.

மாணவர்களே, அடுத்த முறை திட்டப்பணியைப் படைக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நகல்களில் ஒன்றை விரிவுரையாளர் முன்னிலையில் நிறுத்திக் காட்டுங்கள். செயலி தொடர்ந்து ஓடினால், உங்கள் உழைப்பைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியிருக்காது.