வாலாட்டுவதை நம்பாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நாயுடன் சிங்கப்பூரைச் சுற்றத் திட்டமா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நம்மைப்போல் உடலெங்கும் வியர்த்துக் குளிர நாயால் முடியாது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஈரப்பதம் மிகுந்த நம் ஊர்க் காற்றில் அதுவும் எளிதல்ல.

எனவே விடியலிலேயே கிளம்புங்கள். பூமலை காலை 5 மணிக்கே திறந்துவிடும். வார் போட்ட நாயுடன் நிழலில் நடக்கலாம். எம்ஆர்டியிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களுக்கு மட்டுமே அனுமதி. அதனால் செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் காரைப் போக வர முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

வெயில் ஏறியதும் நடைபாதையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். 7 விநாடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது, வீடு திரும்புங்கள். மாலையில் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில், நாய்களுக்கென வேலியிட்ட திடலில் அவிழ்த்துவிடலாம்.

கடுமையாக இரைத்து, எச்சில் ஒழுகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடலில் தண்ணீர் ஊற்றி, உடனே கால்நடை மருத்துவரிடம் விரையுங்கள். களைத்த பின்னும் நாய் வாலாட்டிக்கொண்டே பின்னால் வரும். "போதும்" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.