தண்டனைப் பிரிவில் மட்டும் இடம்பெறுவோர்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையம் நடந்து செல்லும் தொலைவுதான். பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள், பூங்காக்கள் ஆகியவற்றின் ஓரங்களில் உடலை விற்றுப் பிழைக்கும் ஆண்கள் பெருநகரங்கள் அனைத்திலும் உண்டு. கேரளத் தலைநகர் விதிவிலக்கல்ல. வீட்டாருக்கும் தெரியாத இப்பிழைப்பு, உழைக்கும் மக்களின் இயக்கங்களிலும் பேசப்படுவதில்லை.

சட்டம் இவர்களை அறியாததன்று. 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் முதலில் பெண்களையும் சிறுமியரையும் மட்டுமே கருதியது. 1986-இல் செய்யப்பட்ட திருத்தம் ஆண்களையும் உள்ளடக்கியது. எதற்காக? பொது இடத்தில் அழைப்பு விடுக்கும் ஆணுக்கு 7 நாள் முதல் 3 மாதம் வரை சிறை என்கிறது அதன் 8-ஆவது பிரிவு. ஆனால் மறுவாழ்வுக்கென ஒன்றிய அரசு வகுத்த உஜ்ஜவலா திட்டமோ பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியதாகவே இருந்தது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் 377-ஆவது பிரிவிலிருந்து விலக்கியது, வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவை மட்டுமே. வல்லுறவு குற்றமாகவே நீடித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பிரிவு முழுமையாகவே நீக்கப்பட்டுவிட்டது. பாலியல் வல்லுறவைக் கூறும் 63-ஆவது பிரிவு பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராக ஏற்கிறது. ஆகவே வாடிக்கையாளரோ காவலரோ ஓர் ஆணை வல்லுறவுக்கு உள்ளாக்கினால், காயம் விளைவித்தல் போன்ற பிரிவுகளே எஞ்சுகின்றன.

பாலியல் தொழிலாளரைக் காவல்துறை கண்ணியத்துடன் நடத்த வேண்டும், முகவரிச் சான்று கோராமல் ஆதார் வழங்க வேண்டும் என 2022 மே 19 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. புகார் அளிக்கச் செல்பவரே குற்றவாளியாகும் அச்சம் நீங்காதவரை அவ்வாணையால் பயன் சிறிதே.

‘தொழில்’ என்று அழைப்பது சுரண்டலை ஏற்பதாகாதா எனத் தோழர்கள் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஒருதார மணமும் விபச்சாரமும் ஒரே உடைமை அமைப்பின் இரு பக்கங்கள் என்று 1884-இலேயே எங்கெல்ஸ் விளக்கினார். ஆனால் சந்தையைக் கண்டிப்பது வேறு. அதில் தன்னை விற்க நேர்ந்தவரைக் கைவிடுவது வேறு. கொத்தடிமை முறையை ஒழிக்கப் போராடுவோர், கொத்தடிமைக்குக் கூலி கேட்கத் தயங்குவதில்லை.

வயதுவந்த ஆண்களுக்கும் திருநருக்கும் வல்லுறவிலிருந்து பாதுகாப்பளிக்கும் பிரிவை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். மறுவாழ்வுத் திட்டங்கள் இவர்களுக்கும் விரிவாக்கப்பட வேண்டும். 2015-இல் நாட்டிலேயே முதலாவதாகத் திருநர் கொள்கையை வெளியிட்ட மாநிலம் கேரளம்; அது இதிலும் ஒன்றிய அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்திற்கு அவர்களுடன் செல்ல ஒரு தோழர் முன்வருவது, கிளைகள் இன்றே தொடங்கக்கூடிய பணி.