மஞ்சள் மாத்திரையும் மறதி நோயும்

ஹரியானாவின் பல்லப்கர் வட்டாரக் கிராமங்களில் முதியவர்களை அல்சைமர் என்ற மறதி நோய் எந்த அளவுக்குத் தாக்குகிறது என்று இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். 2001இல் வந்த முடிவு மருத்துவ உலகை நிமிர வைத்தது. 65 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 4.7 பேருக்கே புதிதாக நோய் வந்திருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அது 17.5. அப்படியானால் இந்தியர்களைக் காப்பது எது? மஞ்சள்தான் என்ற பதில் வேகமாகப் பரவியது.

ஆனால், யார் எவ்வளவு மஞ்சள் சாப்பிட்டார்கள் என்று அந்த ஆய்வு அளக்கவே இல்லை. முதியவர்களைக் கண்காணித்த காலம் குறைவு, வேறு காரணங்களும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்திருந்தார்கள். நோய்க்கு வழிவகுக்கும் ஒரு மரபணு வகையும் அங்கே குறைவு. இதெல்லாம் மஞ்சள் மாத்திரை டப்பாவின் மேல் அச்சாவதில்லை.

2023இல் வெளியான நாடு தழுவிய கணக்கைப் பார்ப்போம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு வாழ்கிறார்கள். மஞ்சள் போடாமல் குழம்பு கொதிக்காத நாட்டின் கணக்கு இது.

மஞ்சளில் உள்ள குர்குமின் வெற்றுச் சரக்கு என்று சொல்ல வரவில்லை. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் திரளாமல் அது தடுப்பதைச் சோதனைக் குழாயிலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். மனித உடம்பில்தான் சிக்கல். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதமே. அதிலும் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் சிதைத்துவிடுகின்றன. ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது சொற்பம். 2012இல் வெளியான ஆய்வில் அல்சைமர் நோயாளிகளுக்கு 24 வாரம் தினமும் 2 முதல் 4 கிராம் வரை குர்குமின் கொடுத்தும் பலன் தெரியவில்லை. 2018இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஆய்வு நினைவாற்றல் கூடியதாகச் சொன்னது உண்மை. ஆனால், அதில் இருந்தவர்கள் 40 பேர்தான். அவர்களில் யாருக்கும் மறதி நோய் இல்லை.

ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாறும் இப்படித்தான், மறதிக்கு மருந்து என்று உலகமெங்கும் விற்றது. அமெரிக்காவில் 3,069 முதியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, அது நோயைத் தடுக்கவில்லை என்று 2008இல் முடித்துவைத்தது.

‘இயற்கைதானே, தீங்கு என்ன?’ என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரின் விவரத்தை அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோனார். சில மாத்திரைகளில், குர்குமின் உடம்பில் கூடுதலாகச் சேர மிளகின் பைப்பரினும் கலந்திருந்தது. சமையலில் போடும் சிட்டிகை மஞ்சளும் அடர்த்தியாக்கிய மாத்திரையும் ஒன்றல்ல.

தாவரத்திலிருந்து மருந்தே வராதா? வரும். ஸ்னோடிராப் என்ற வெள்ளைப் பூச்செடியில் கிடைத்த கேலன்டமினை 1950களில் பல்கேரியாவில் மருந்தாக்கினார்கள். பல சோதனைகளைத் தாண்டி 2001இல் அது அமெரிக்காவில் அல்சைமருக்கு ஒப்புதல் பெற்றது. நோயைக் குணப்படுத்தாது, அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கும் என்று மருத்துவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அளவும் பக்கவிளைவும் மருந்தோடு வரும் சீட்டில் எழுதியிருக்கும். மூளைக்கு வலிமை என்று விளம்பரம் செய்யும் மூலிகை மாத்திரைகளிடமும் இதே ஆதாரத்தை அரசு கேட்க வேண்டும்.

ஆதாரம் வலுவாக உள்ள பக்கம் வேறு. மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று லான்செட் ஆணையம் 2024இல் மதிப்பிட்டது. காது கேளாமை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகை, மது, பார்வைக் குறை, தனிமை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன.

தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை 2021 முதல் வீட்டுக்கே கொண்டுவருகிறது. அந்தத் திட்டத்தின் ஊழியர்கள், முதியவருக்குக் காது கேட்கிறதா, நினைவு தடுமாறுகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் தவறாமல் கேட்கட்டும். பிள்ளைகளும் மஞ்சள் மாத்திரைக்கு எடுத்துவைத்த பணத்தை அப்பாவின் காது கேட்கும் கருவிக்குச் செலவிடட்டும்.