குடிநோய்க்கு வேண்டுவது தூற்றலன்று, துணை

சென்னையின் மேற்கெல்லையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என விரிந்துகிடக்கும் தொழிற்பகுதி உழைக்கும் தமிழரின் வியர்வையால் வளர்ந்தது. அங்கே காட்டுப்பாக்கம் போலும் ஊர்களில், ஈட்டிய கூலியில் அடுக்களைக்கு வந்தது எவ்வளவு, குடிக்கடைக்குச் சென்றது எவ்வளவு என்பதை இல்லத்தரசியர் விரல்விட்டு எண்ணிச் சொல்வர். ஆயின், குடியில் வீழ்ந்தவனை மீட்க எங்குச் செல்வது என வினவின், பலரிடம் விடையிராது. விற்கும் இடம் சிறுவர்க்கும் தெரியும். மீட்கும் இடம் பெரியோர்க்கும் தெரியாது.

இந்நிலை தானே வந்ததன்று. 1983-இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையிற் கொண்டது. 2023-இல் 500 கடைகள் மூடப்பட்ட பின்னரும் 4,800-க்கு மேற்பட்ட கடைகள் எஞ்சின. 2023-24-ஆம் ஆண்டில் குடிவழி அரசு பெற்ற வருவாய் 45,000 கோடி உருபாவுக்கும் மேல். விற்பனைக்கு இத்துணைக் கடை திறந்த அரசு, மீட்புக்கு எத்துணை வாயில் திறந்தது? நடுவணரசு 2019-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, இந்தியாவில் குடிக்கு அடிமைப்பட்டோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு மருத்துவவுதவி பெறுகிறார். ஏனைய முப்பத்தெழுவர் வீட்டுக்குள்ளேயே அழிகின்றனர், வீட்டையும் அழிக்கின்றனர்.

அவர்களைத் தடுப்பது பணமின்மை மட்டுமன்று, மானக்கேடும் ஆகும். 'குடிகாரன்' என்னும் வசைச்சொல் வீட்டு வாயிலையே அடைத்துவிடுகிறது. மனைவி மறைக்கிறாள்; மக்கள் நாணுகின்றனர்; சுற்றம் ஒதுங்குகிறது. 'குடிநோயர்' என்று சொல்லத் தொடங்கினால், அடுத்த சொல் 'மருத்துவம்' என்றே வரும். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் குடியால் விளையும் உளக்கேடுகளை நோய் என்றே கொள்கிறது. கள்ளுண்ணாமை கூறிய வள்ளுவரே மருந்து என்னும் அதிகாரத்தையும் வகுத்தார். நோயர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து உதவுவாரையும் அதில் ஓர் உறுப்பாக வைத்தார். குடும்பமே அந்நான்காம் உறுப்பு.

அறியாமையால் குடும்பத்தார் செய்யும் பிழைகளும் உள. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடுமென நிறுத்தின், கைந்நடுக்கமும் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் அறிவுமயக்கமும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். எனவே, அறையிற் பூட்டிவைத்தல் மருத்துவமன்று. நோயர் அறியாமல் சோற்றிற் பொடி கலத்தலும் தீது. குடியை வெறுக்கச் செய்யும் மருந்தை உண்டதறியாது குடிப்பவர்க்கு நெஞ்சாங்குலையே நிலைகுலையலாம். உரிமமின்றி அடித்துத் திருத்தும் இல்லங்களையும் நம்பலாகாது.

நல்வழிகள் இல்லாமலில்லை. தம் கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி இரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய பணி, இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கு நோயர்க்கு மட்டுமன்றிக் குடும்பத்தார்க்கும் தனிப்பயிற்சி உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் குடிநோய் மருத்துவம் நடைபெறுகிறது. 1935-இல் அமெரிக்காவில் குடிநோயர் இருவர் தொடங்கிய 'ஆல்ககாலிக்சு அனானிமசு' கூட்டங்கள் சென்னையிலும் கூடுகின்றன. கட்டணமில்லை, முழுப்பெயர் சொல்லவும் வேண்டா. குடும்பத்தார்க்கென 1951-இல் எழுந்தது 'அல்-அனான்'. குடிப்பவர் திருந்தினும் திருந்தாவிடினும், உடன்வாழ்வோர் தம்மைக் காத்துக்கொள்ள அது துணைசெய்கிறது.

மதுவிலக்கு வந்தால் போதாதா என்பர் சிலர். 1937-இல் சேலத்திற் தொடங்கிய விலக்கு 1948-இல் மாநிலமெங்கும் பரவியது, 1971-இல் நீங்கியது, 1974-இல் மீண்டது, 1981-இல் மீண்டும் நீங்கியது. விலக்கு வேண்டும், அக்கோரிக்கை அறமுடையது. ஆயின், கடை மூடப்படும் நாளில் முன்னரே நோயுற்றவர் நலமடைந்துவிடார். 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மருத்துவமில்லா விலக்கு, நோயரைக் கள்ளச்சாராயத்தின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தும்.

ஆகவே, இனநலம் பேசுவோர்க்குக் கடமை இரண்டு. ஒன்று, குடிவருவாயில் ஒரு பங்கை ஒதுக்கி, வட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் தமிழில் கேட்டுத் தமிழில் தேற்றும் குடிநோய்ப் பிரிவு அமைக்க அரசை நெருக்குதல். மற்றொன்று, அரசுக்குக் காத்திராமல் செய்தல். காட்டுப்பாக்கம் முதலிய ஊர்களிலுள்ள மன்றங்களும் படிப்பகங்களும் கிழமைக்கு ஒரு மாலை, மீள்வோர் கூடத் தம் அறையைத் தரலாம். குடிநோய் உதவிக்கான 14446, உளநல உதவிக்கான 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைப்பேசி எண்களைச் சுவர்தோறும் எழுதலாம். மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குபவருடன் ஒருவர் துணையாகப் போகலாம்.

1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தெருவில் இறங்கினர். அத்துணிவு இன்று கடைவாயிலில் மட்டுமன்று, நோயர் வீட்டு வாயிலிலும் வேண்டும். தூற்றியவர் எவரையும் மீட்டதில்லை, கைகொடுத்தவரே மீட்டனர். தமிழ்க்குடி காக்க எண்ணுவோர் முதலில் அண்டைவீட்டுக் கதவைத் தட்டுக.