அரண்மனைப் படமும் லயன் வீட்டுக் கரண்டும்

சென்ற வாரம் விடியுமுன் போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் ஜீப் ஒன்றில், ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களோடு நாமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஒரு இளம்பெண் மடியிலிருந்து பவர் பேங்க் ஒன்றை எடுத்துப் போனில் செருகினாள். பெட்டியின் மேல் பளபளவென்று ஒரு படம். மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள். பக்கத்திலிருந்த பாட்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த வீட்டுல கரண்டு இருக்குமா?" என்றாள். ஜீப்பே சிரித்தது.

நாமும் சிரித்தோம். ஆனால் பாட்டி கேட்டது சரியான கேள்வி.

அந்த மகாலை ஆதிகாலத்தில் படம் பிடித்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப் என்ற கும்பினிப் பட்டாள அதிகாரி. சென்னை மாகாண சர்க்காரின் படப்பிடிப்பாளராக 1858ல் மதுரைக்கு வந்தார். அவருடைய படங்களில் தூண்கள் உண்டு, வளைவுகள் உண்டு, மனிதர்கள் அபூர்வம். இன்றுவரை அதே கதைதான். மகால் அச்சாகிறது. பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் தகரக் கூரையின் கீழ் ஒழுகும் லயன் வீட்டை எவன் அச்சடிப்பான்?

படம் கிடக்கட்டும், பெட்டிக்குள் என்ன இருக்கிறது? மேலே 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பான். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. போனுக்குப் போவது 5 வோல்ட். மாற்றும்போது ஏற்படும் சேதாரமும் போக, கைக்கு வருவது சுமார் 6,000 அல்லது கொஞ்சம் கூட. நமது தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் ஸ்டோரில் காய்ந்தால் ஒரு கிலோ. இவன் பச்சை எடையைச் சொல்லி விற்கிறான், நாம் காய்ந்த எடையை வாங்குகிறோம். பி.ஐ.எஸ். பதிவு எண் இல்லாத பெட்டியை எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். சூடேறித் தீப்பிடித்தால் கேட்பதற்கு நாதி இராது.

இருந்தும் ஏன் வாங்குகிறார்கள்? ஆடம்பரத்துக்கு அல்ல. இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்பும் தாய்க்கு, வீட்டில் விட்டு வந்த பிள்ளையின் குரல் அந்தப் போனில்தான் இருக்கிறது. நாளை எந்தத் தோட்டம், எந்த ஜீப் என்று சொல்லும் அழைப்பும் அதில்தான் வருகிறது. மலையில் சிக்னல் மங்கினால் டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜைத் தின்றுவிடும். வயலில் மட்டும் என்ன? நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் ஆஜரைப் போன் படத்தில் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. சார்ஜ் இல்லையேல் படம் இல்லை, படம் இல்லையேல் கூலிக்கு வில்லங்கம்.

ஆக, போன் வேலைக் கருவியாகிவிட்டது. ஆலைத் தோழர்களைக் கேட்கிறோம்: பாபினை உன் கைக்காசில் வாங்கி வா என்று மேஸ்திரி சொன்னால் விட்டுவிடுவீர்களா? போன் விஷயத்தில் மட்டும் நாமே வாங்கி, நாமே சார்ஜ் ஏற்றி, நமது பணத்தில் அவர்கள் வேலையை நடத்திக் கொடுக்கிறோம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாறுக்கு அப்பால் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகளின் மேல் விழுந்தது. 70 உயிர்கள் போயின. பலர் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன குடும்பங்கள். மழையில் சில நாட்களாகவே கரண்டும் இல்லை, போன் தொடர்பும் இல்லை. இரவில் விழுந்த மலையைப் பற்றி வெளியுலகம் அறிந்தது மறுநாள் காலையில்! அன்று ஒவ்வொரு வீட்டிலும் நிறையச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் இருந்திருந்தாலும் என்ன பிரயோஜனம்? டவரே செத்துக் கிடந்த மலையில் கூப்பிடுவதற்கு யார்? தனி ஆள் மடியில் கட்டிக்கொண்டு போகக்கூடிய பாதுகாப்பு அல்ல அது.

1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தரும் கடமையை முதலாளி மேல் வைத்தது. 2025 நவம்பரில் அதைப் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். சட்டத்தின் பெயர் எதுவானாலும் கரண்ட் இல்லாத கூரையை வீடு என்று ஒப்புக்கொள்ள நாம் தயாரில்லை.

அடுத்த பேச்சுவார்த்தையில் கூலியோடு இதையும் வைக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்: ஒவ்வொரு லயன் வீட்டிலும் கரண்ட்; ஸ்டோரில் தொழிலாளர் போனுக்கென்று பிளக்; மழைக்காலத்தில் டவர் அணையாதிருக்க சர்க்கார் ஏற்பாடு. தினக்கூலிக்கு ஜீப்பில் வருகிறவர்களுக்கும் இந்தப் பிளக் உண்டு என்று எழுத்தில் வர வேண்டும். இல்லையேல் 'லயனில் இருப்பவருக்கு மட்டும்' என்று கங்காணி கதவைச் சாத்துவான். எத்தனை அடி ஒயர் வேண்டும் என்று முதலாளிமார் கேட்டால், நாமே அளந்து எழுதிக் கொடுப்போம்.